முழங்கால் வலியும் நடமாட்டமும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தென்காசிப் பக்கம் பதினெட்டு ஆண்டுகளாகப் பிசியோதெரபி பார்த்துவருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். பீடி சுற்றும் பெண்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நாற்று நட்டே வயதானவர்கள், கபடியில் காலைத் திருகிக்கொண்ட பையன்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஒரே பதிலை ஒரு நாளில் ஆறு முறை சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி வைக்கத் தொடங்கினேன். பெரும்பாலும் முழங்கால் மூட்டுத் தேய்மானம் பற்றியவை. மருந்து எழுதிக் கொடுப்பது என் வேலை இல்லை. மருந்து பற்றிக் கீழே வருவதெல்லாம் உங்கள் டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக.

1. தேய்மானம் என்றால் எலும்பும் எலும்பும் உரசித் தேய்ந்துபோவதுதானே?

கோழிக்காலைக் கடிக்கும்போது எலும்பின் நுனியில் வெள்ளையாக, வழுவழுப்பாக ஒன்று இருக்குமே, அதுதான் குருத்தெலும்பு. நம் முழங்காலிலும் இரண்டு எலும்புகளின் நுனிகளையும் அது போர்த்தியிருக்கிறது. தேய்மான நோயில் அந்தப் போர்வை மெலிகிறது, பிளவுபடுகிறது. கூடவே மூட்டின் உள்சவ்வு வீங்குகிறது, ஓரத்தில் எலும்பு முளைக்கிறது, தொடைத் தசை வற்றுகிறது. மூட்டு முழுவதுக்கும் வரும் நோய் இது. உரசல் அதில் ஒரு பகுதிதான்.

‘தேய்மானம்’ என்ற சொல்லின்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அதைக் கேட்டவுடன் எல்லோருக்கும் லாரி டயர் நினைவுக்கு வந்துவிடுகிறது. ஓடினால் தேயும், ஓடாமல் நிறுத்தினால் மிஞ்சும் என்று கணக்குப் போட்டு, நடப்பதை நிறுத்திவிடுகிறார்கள். டயருக்கு உயிர் இல்லை. மூட்டுக்கு இருக்கிறது.

2. அப்படியானால் நடந்தால் இன்னும் தேயாதா? டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னாரே?

குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய ஊட்டம் மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் வர வேண்டும். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்குகிறது, எடுக்கும்போது விரிந்து திரவத்தை உறிஞ்சுகிறது. தண்ணீரில் நனைந்த பஞ்சைப் பிழிந்து விடுவது போல. அதாவது மூட்டுக்குச் சோறு ஊட்டுவதே நடைதான். உட்கார்ந்தே இருந்தால் மூட்டு பட்டினி கிடக்கும்.

ஓய்வு என்று டாக்டர் சொன்னது பெரும்பாலும் வீங்கிச் சூடாக இருக்கும் இரண்டு மூன்று நாட்களுக்கு. அதை மூன்று ஆண்டுகளாகக் கடைப்பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய தொடையைத் தொட்டுப் பார்த்தால் துணி மூட்டை மாதிரி தொளதொளவென்று இருக்கும். முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது அந்தத் தொடைத் தசை. அது போனால் முழுப் பாரமும் மூட்டின்மேல் இறங்குகிறது, வலி கூடுகிறது, வலிக்கிறதே என்று இன்னும் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

3. எனக்கு இருப்பது தேய்மானமா, முடக்குவாதமா, யூரிக் ஆசிடா? எப்படித் தெரிந்துகொள்வது?

உறுதியாகச் சொல்ல டாக்டரும் பரிசோதனையும் வேண்டும். ஆனால் சில அடையாளங்கள் உண்டு. தேய்மானம் மெதுவாக, ஆண்டுக்கணக்கில் வரும். படி இறங்கும்போதும் தரையிலிருந்து எழும்போதும் வலிக்கும், ஓய்வில் குறையும். காலை விறைப்பு அரை மணிக்குள் விட்டுவிடும். முடக்குவாதம் வேறு குணம். நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிறது. இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள், மணிக்கட்டு என்று ஒரே மாதிரி வீங்கும். காலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலே விரல்களை மடக்க முடியாது. அசதி, லேசான காய்ச்சல்கூட இருக்கலாம். முப்பது வயதிலும் வரும்.

யூரிக் ஆசிட் உப்பு படிந்து வரும் வாதம் இரவோடு இரவாக வரும். பெரும்பாலும் கால் பெருவிரலின் அடியில், போர்வை பட்டால்கூட உயிர் போகிற வலி. ரத்தத்தில் யூரிக் ஆசிட் கொஞ்சம் கூடியிருப்பதாலேயே உங்கள் முழங்கால் வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. அப்புறம் சிக்குன்குனியா. 2006இல் தமிழ்நாட்டையே முடக்கிப்போட்டது நினைவிருக்கும். அந்தக் காய்ச்சலுக்குப் பின் மூட்டு வலி மாதக்கணக்கில் நீளலாம். டாக்டரிடம் போகும்போது சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்பதைத் தவறாமல் சொல்லுங்கள்.

முடக்குவாதம் என்று சந்தேகம் இருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அதற்கு நோயையே அடக்கும் மருந்துகள் இருக்கின்றன. விரல் கோணிய பிறகு தொடங்குவதற்கும், கோணுவதற்கு முன் தொடங்குவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்த மருந்துகளில் முக்கியமான மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிட வேண்டியது. தினமும் என்று தவறாகப் புரிந்துகொண்டு சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று மாத்திரை அட்டையின் மேலேயே எழுதி வையுங்கள்.

4. எக்ஸ்ரேயில் கிரேடு 3 என்று போட்டிருக்கிறது. இனிமேல் ஆபரேஷன்தானா?

எக்ஸ்ரேயில் தேய்மானத்தை 0 முதல் 4 வரை தரம் பிரிப்பார்கள். அது எலும்பின் படம், உங்கள் வலியின் படம் இல்லை. கிரேடு 4 இருந்தும் சந்தைக்கு நடந்துபோய்க் காய்கறி சுமந்துவருகிறவர்கள் இருக்கிறார்கள். கிரேடு 1 வைத்துக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்காதவர்களும் இருக்கிறார்கள். தூக்கம், தசை பலம், எடை, மனக்கவலை எல்லாம் வலியோடு சேர்ந்து விளையாடுகின்றன.

நான் எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொல்வேன். முப்பது நொடியில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுவேன். எட்டு வாரம் கழித்து மறுபடி எண்ணுவோம். படத்தில் ஒரு மாற்றமும் இருக்காது, எண்ணிக்கை கூடியிருக்கும்.

5. காலையில் காலை ஊன்றவே முடியவில்லை. பத்து அடி நடந்தால் சரியாகிவிடுகிறது. இது என்ன கூத்து?

இரவு முழுவதும் அசையாமல் கிடந்த மூட்டின் விறைப்பு. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து இறங்கும்போதும் இதே கதைதான். எழுந்ததும் குதித்து இறங்காமல், படுக்கையிலேயே குதிகாலை மெத்தையின்மேல் இழுத்து முழங்காலை மடக்கி நீட்டுங்கள், பத்துப் பதினைந்து முறை. பிறகு இறங்குங்கள். விறைப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் மூன்றாம் பதிலை மறுபடி படியுங்கள்.

6. என்ன பயிற்சி செய்ய வேண்டும்? எத்தனை தடவை?

நூறு பயிற்சிகள் இருக்கின்றன. வீட்டில் ஒழுங்காகச் செய்யக்கூடியவை நான்கு போதும். முதலாவது, காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, துண்டை நசுக்குவது போல அழுத்துவது. ஐந்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. இரண்டாவது, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி வைத்து, இன்னொரு காலை நீட்டியபடியே ஒரு முழ உயரத்துக்குத் தூக்கி மெதுவாக இறக்குவது. மூன்றாவது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது. இது இடுப்புத் தசைக்கு. முழங்கால் வலிக்கு இடுப்பு எதற்கு என்று கேட்காதவர் இல்லை. இடுப்பு பலவீனமாக இருந்தால் நடையில் முழங்கால் கோணுகிறது, அதற்காகத்தான்.

நான்காவதுதான் என் செல்லப் பயிற்சி. சுவரோரம் போட்ட உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. கையை மார்பில் கட்டிக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். வாரம் போகப்போகத் தலையணையை எடுத்துவிடலாம். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கிவிடும்.

ஒவ்வொன்றும் பத்துப் பத்து முறை, இரண்டு சுற்று. இது எளிதாகிவிட்டால் கணுக்காலில் அரைக் கிலோ அரிசிப் பை கட்டிக்கொள்ளுங்கள். தசை ஒரே நாளில் வராது. ஆறு முதல் எட்டு வாரம் வரை பொறுங்கள். பத்து நாள் செய்துவிட்டு ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று வருகிறவர்கள் நிறையப் பேர். ஆன்டிபயாடிக்குக்கு ஐந்து நாள் கணக்கு உண்டு, தசைக்கு அந்தக் கணக்கு செல்லாது. வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

7. செய்தால் வலிக்கிறதே. நிறுத்திவிடவா?

தாங்கக்கூடிய வலி என்றால் செய்யலாம். நான் சொல்லும் கணக்கு இது. வலியே இல்லாததைப் பூஜ்யம், தாங்கவே முடியாததைப் பத்து என்று வைத்துக்கொண்டால், ஐந்துக்கு மேல் வலி போகக் கூடாது. மறுநாள் காலை வழக்கமான அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் நேற்று அதிகமாகச் செய்துவிட்டீர்கள், இன்று பாதியாகக் குறையுங்கள். முழுவதும் நிறுத்த வேண்டாம். வயல் வேலைக்கு நெடுநாள் கழித்துப் போனால் இரண்டு நாள் தொடை வலிக்குமே, அதுபோன்ற தசை வலி வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள்.

8. பீடி சுற்றுகிறேன். தரையில் உட்காராதே என்றால் பிழைப்பு?

இந்தக் கேள்வியை நான் லேசில் கடக்க முடியாது. எங்கள் பக்கத்தில் மடியில் சுளகு வைத்துக்கொண்டு, இலையும் தூளும் நூலுமாகக் காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை உட்கார்ந்திருக்கும் பெண்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. எழுந்தால் எண்ணிக்கை குறையும். ‘தரையில் உட்காராதீர்கள்’ என்று ஒரு வரியில் எழுதிக் கொடுத்துவிடுவது எளிது. அந்தச் சீட்டை அவர்கள் என்ன செய்வார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

தரையில் உட்காருவது விஷம் இல்லை. ஒரே மாதிரி மடக்கி மூன்று மணி நேரம் அசையாமல் இருப்பதும், அதிலிருந்து ஒரு கையை ஊன்றி எகிறி எழுவதும்தான் படுத்துகிறது. அதனால் நான் சொல்வது, ஒரு கட்டு முடிந்ததும் கால் மாற்றுங்கள். சம்மணம் போட்டிருந்தால் நீட்டுங்கள், நீட்டியிருந்தால் ஒரு காலை மடக்குங்கள். அரை மணிக்கு ஒருமுறை இருந்த இடத்திலேயே இரண்டு காலையும் நீட்டித் துண்டை அழுத்தும் பயிற்சியைப் பத்து முறை செய்துவிடலாம், சுளகைக்கூட இறக்க வேண்டியதில்லை. ஒரு சாண் உயர மனைப்பலகையோ மடித்த மெத்தையோ போட்டு உட்கார்ந்தால் முழங்கால் மடங்கும் அளவு குறையும். முடிந்தால் திண்ணையில் காலைத் தொங்கப் போட்டு உட்காருங்கள். கடையநல்லூர் ஆச்சி ஒருவர் திண்ணைக்கு மாறிய பிறகு, வலி குறைந்ததைவிடத் தெருவில் போகிற வருகிறவர்களோடு பேச முடிகிறது என்பதைத்தான் பெரிதாகச் சொன்னார்.

பூசைக்கும் தொழுகைக்கும் இதே பதில்தான். உடல் முடியாதவர் நாற்காலியில் உட்கார்ந்து தொழுவதற்கு மார்க்கத்திலேயே இடம் இருக்கிறது. சாமி கும்பிடவும் நாற்காலி தடை இல்லை. ஊர் என்ன சொல்லும் என்பதுதான் பலருக்கும் உண்மையான தடை.

9. கழிவறையில் குந்த முடியவில்லை. மகனிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

சொல்லுங்கள், அல்லது இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். குந்தும்போது முழங்கால் முழுவதுமாக மடங்கி, முழங்காலின் முன்னால் இருக்கும் சிப்பி எலும்பின்மேல் பாரம் பல மடங்கு ஏறுகிறது. வீட்டை இடித்துக் கட்ட வேண்டியதில்லை. இருக்கிற கழிவறையின்மேலேயே வைக்கக்கூடிய, நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி மருத்துவப் பொருட்கள் கடைகளில் கிடைக்கிறது. கூடவே சுவரில் ஒரு கைப்பிடி. கழிவறைக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் அம்மாக்களை நிறையப் பார்க்கிறேன். முழங்கால் வலி அங்கே சிறுநீர்த் தொற்றாக மாறிவிடுகிறது.

10. கைத்தடி பிடித்தால் கிழவன் என்று நினைக்க மாட்டார்களா? எந்தக் கையில் பிடிப்பது?

நினைக்கட்டும். கீழே விழுந்து இடுப்பு ஒடிந்தால் அதைவிட மோசமாக நினைப்பார்கள். வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் என்றால் தடி இடது கையில். வலிக்கிற காலும் தடியும் ஒன்றாக முன்னே போக வேண்டும். சினிமாவில் எல்லோரும் தவறாகவே பிடிக்கிறார்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு ரேகை உயரத்தில் இருப்பது சரியான அளவு. அடியில் ரப்பர் தேய்ந்தால் மாற்றுங்கள்.

படிக்கட்டில், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். ‘நல்லவன் மேலே போவான், கெட்டவன் கீழே போவான்’ என்று சொல்லிக் கொடுத்தால் யாரும் மறப்பதில்லை.

11. எடையைக் குறை என்கிறார்கள். நடக்கவே முடியாதபோது எப்படிக் குறைப்பது?

நியாயமான கேள்வி. எடை பெரும்பாலும் தட்டில் குறைகிறது, நடையில் அல்ல. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின்மேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைவதாக ஆய்வில் அளந்திருக்கிறார்கள். ஐந்து கிலோ குறைத்தால் அடிக்கு இருபது கிலோ. ஒரு நாளைக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், இரவுச் சோற்றிலிருந்து. அப்புறம் நாலு மணித் தேநீரோடு வரும் முறுக்கு, சேவு. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தைப் பயறு, முட்டை, மீன், காய் கொண்டு நிரப்புங்கள். வெறும் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். தசை நமக்கு எவ்வளவு வேண்டும் என்று இரண்டாம் பதிலில் சொன்னேன்.

12. சுடு ஒத்தடமா, ஐஸா? எந்தத் தைலம் நல்லது?

விறைப்புக்குச் சூடு, புதிய வீக்கத்துக்கும் கொதிப்புக்கும் குளிர். தொட்டால் மற்ற முழங்காலைவிடச் சூடாக இருந்தால் சுடு ஒத்தடம் கூடாது. உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்துவது நல்ல முறைதான். ஆனால் சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். முதலில் புறங்கையில் வைத்துப் பாருங்கள்.

தைலத்தைப் பொறுத்தவரை, தேய்க்கும் கைக்கும் கமகமக்கும் வாசனைக்கும் சுகம் உண்டு. அதை நான் கேலி செய்ய மாட்டேன். குருத்தெலும்பை வளர்க்கும் தைலம் எதுவும் கிடையாது. மருந்துக்கடையில் கிடைக்கும் டைக்ளோஃபெனாக் ஜெல்லுக்கு முழங்கால் வலியில் பயன் இருப்பது நிரூபணமானது. மாத்திரையை விட உடலுக்குள் போகும் அளவும் குறைவு.

13. குற்றால அருவியில் நின்றால் மூட்டு வலி போய்விடுமாமே?

சீசனில் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் கேட்பது. தோளிலும் முதுகிலும் தண்ணீர் அடிப்பதில் தசை இளகும், அன்று மாலை சுகமாக இருக்கும். அதற்குமேல் இல்லை. எனக்குத் தெரிந்து அருவியால் முழங்கால் குணமானவர் யாரும் இல்லை. பாசிப் பாறையில் வழுக்கி எங்களிடம் வந்து சேர்ந்தவர்கள் உண்டு.

14. முடக்கத்தான், பிரண்டை, ஆட்டுக்கால் சூப், கால்சியம் மாத்திரை. எதைச் சாப்பிட்டால் தேய்ந்தது வளரும்?

எதுவும் வளர்க்காது. முடக்கத்தான் தோசையும் பிரண்டைத் துவையலும் நல்ல உணவு, எங்கள் வீட்டிலும் செய்கிறோம். ஆட்டுக்காலில் உள்ள சத்து வயிற்றில் செரித்துப் பொதுவான புரதமாகிவிடும். அது நேராக முழங்காலுக்கு வண்டி பிடித்துப் போவதில்லை. கால்சியம் எலும்புக்கு வேண்டும், அதுவும் மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியது. ஆனால் மெலிந்தது குருத்தெலும்பு. எலும்பு மெலிவதும் மூட்டுத் தேய்மானமும் இரண்டு தனி நோய்கள். குளுக்கோசமைன் மாத்திரையை 2006இல் அமெரிக்காவில் பெரிய ஆய்வொன்றில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மொத்தத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மாதாமாதம் அதற்குக் கொடுக்கும் பணத்தில் முட்டை வாங்கலாம்.

உருளைக்கிழங்கு வாயு, வாழைக்காய் வாயு, அதனால்தான் மூட்டில் பிடித்துக்கொண்டது என்பதும் சரியில்லை. வயிற்றில் உண்டாகும் காற்று முழங்காலுக்குப் போக வழியே கிடையாது.

15. வலி மாத்திரை தினமும் போடலாமா? ஒருவர் தரும் பொடி சாப்பிட்டால் மூன்றே நாளில் வலி பறந்துவிடுகிறதே?

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் போன்றவை நல்ல மருந்துகள்தான், குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு. மருந்துக்கடையில் நாமாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண், ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு என்று வரிசையாக வரும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லாமல் ஒரு மாத்திரைகூடப் போடக் கூடாது.

பொடி விஷயம் இன்னும் மோசம். பெயரும் முகவரியும் இல்லாத பொட்டலத்தில் வரும் ‘மூலிகை’ மூன்று நாளில் அற்புதம் செய்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இப்படிக் கலப்படம் பலமுறை பிடிபட்டிருக்கிறது. முகம் நிலா மாதிரி உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் இதைப் படித்த கையோடு நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவர்களை நான் இதில் சேர்க்கவில்லை.

16. மூட்டுக்குள் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும். வீங்கி நிற்க முடியாதவருக்கு அது நல்ல வாய்ப்பு, அந்த வாரங்களில் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். ஊசி போட்டுவிட்டு வீட்டில் படுத்திருந்தால் காசு வீண். அடிக்கடி போடக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். ‘ஜெல் ஊசி’, நம் ரத்தத்திலிருந்தே பிரித்துப் போடும் ஊசி ஆகியவற்றுக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். அவற்றின் பலன் பற்றி மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கடன் வாங்கிப் போடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

17. முழங்காலில் மாட்டும் நீக்கேப் உறையைப் போட்டுக்கொண்டே இருக்கலாமா?

வெளியே போகும்போது போடலாம். தைரியம் தரும். தூங்கும்போது கழற்றிவிடுங்கள். ரேகை பதிகிற அளவுக்கு இறுக்கம் வேண்டாம். தொடைத் தசையின் வேலையை அது செய்யாது.

18. மடக்கினால் நொறநொறவென்று சத்தம் கேட்கிறது.

வலியோ வீக்கமோ இல்லாத சத்தம் வெறும் சத்தம்தான்.

19. சாரல் தொடங்கினால் வலி கூடுகிறது. மனப்பிரமையா?

பிரமை என்று சொல்ல மாட்டேன். சாரல் மாதங்களில் என் வாசலில் கூட்டம் கூடுவதை நானே பார்க்கிறேன். ஆனால் அந்த நாட்களில் யாரும் வெளியே நடப்பதில்லை என்பதையும் பார்க்கிறேன். மழை பெய்தால் வீட்டுக்குள் முன்வாசலிலிருந்து பின்வாசல்வரை நடங்கள். மழையால் மூட்டு கெட்டுவிடாது.

20. மூட்டு மாற்று ஆபரேஷன் எப்போது? எவ்வளவு நாள் உழைக்கும்? அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?

எக்ஸ்ரே கிரேடு நாள் குறிப்பதில்லை, நான்காம் பதிலைப் பாருங்கள். மூன்று நான்கு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து, எடையையும் கவனித்து, மருந்தும் முறையாகச் சாப்பிட்டபின்னும் இரவில் வலியால் தூக்கம் கெடுகிறது, வீட்டுக்குள்ளேயே நடக்க முடியவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம். அதற்காகக் கால் வளைந்து, தசை முழுவதும் வற்றும்வரை பயந்து தள்ளிப்போடுவதும் தவறு. பலமான தொடையோடு ஆபரேஷனுக்குப் போகிறவர் சீக்கிரம் நடக்கிறார். முன்பு செய்த பயிற்சி எதுவும் வீண் போவதில்லை.

வெளிநாடுகளின் மூட்டு மாற்று ஆபரேஷன் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்ததில் மாற்று மூட்டுகளில் பத்தில் எட்டு 25 ஆண்டுகள்வரை உழைக்கின்றன. பெரும்பாலோரை மறுநாளே எழுப்பி நடக்கவைத்துவிடுவார்கள். முதல் ஆறு வாரம் மடக்கி நீட்டும் பயிற்சி கடினமானது. அழுகை வரும். அதை விட்டுவிட்டால் புது மூட்டும் விறைத்துப்போகும். சம்மணம் போடுவதை மட்டும் பெரும்பாலும் மறந்துவிட வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் உள்வைப்புகளுக்கு, அதாவது ஆபரேஷனில் பொருத்தும் செயற்கை மூட்டுகளுக்கு, உச்ச விலை வைத்தது. அதுவரை சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் வகைக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டணம் தனி. பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் இந்த ஆபரேஷன் நடக்கிறது. தனியாரில் முன்பணம் கட்டுவதற்கு முன் காப்பீட்டு அட்டையோடு அங்கே ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

21. எப்போது பயிற்சியெல்லாம் விட்டுவிட்டு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்?

மூட்டு திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே போங்கள். உள்ளே சீழ் வைத்திருக்கலாம், சில நாட்களிலேயே மூட்டு அழிந்துவிடும். விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாவிட்டாலும், முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாவிட்டாலும், கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், காரணம் இல்லாமல் எடை குறைந்து இரவில் மட்டும் வலி அதிகமானாலும் பொறுத்துப் பார்க்கக் கூடாது.

22. கிரிவலம் போவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். பழனிக்கும் போக வேண்டும்.

திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். இன்று வீட்டு வாசல்வரை நடக்கிறவர் அடுத்த பௌர்ணமிக்குப் போக முடியாது. மூன்று நான்கு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது எவ்வளவு தூரம் நடந்தால் மறுநாள் வலி கூடவில்லையோ அங்கே தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். அளவுகோல் ஏழாம் பதிலில் இருக்கிறது. பௌர்ணமிக் கூட்டத்தில் நின்று இளைப்பாற இடம் கிடைக்காது, சாதாரண நாளில் அதிகாலையில் போங்கள். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு வெயில் ஏறிய தார்ச்சாலையில் நடக்க வேண்டாம்.

பழனியில் விஞ்ச் ரயிலும் ரோப் காரும் இருக்கின்றன. ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்கால் அதிகம் அடிபடும். படியேறியே தீருவேன் என்கிறவர்கள் இறங்கும்போதாவது விஞ்சில் வாருங்கள். முருகன் கணக்கில் ஏறியதுதான் சேரும் என்று என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வேன், இதுவரை யாரும் மறுத்ததில்லை.

23. எல்லாம் சரி, அம்மா பயிற்சி செய்ய மாட்டேன் என்கிறார்களே?

என் அம்மாவும் அப்படித்தான். ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கும் மகள் சொன்னால் மட்டும் காதில் ஏறாது. ‘நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேனே, அது பயிற்சி இல்லையா?’ என்பார்கள். வீட்டு வேலையில் தசை சோர்கிறதே தவிரப் பலம் கூடுவதில்லை என்று எத்தனையோ முறை விளக்கிப் பார்த்துவிட்டேன்.

கடைசியில் விளக்கத்தை விட்டுவிட்டேன். மாலையில் தொலைக்காட்சித் தொடர் பார்க்கும்போது விளம்பரம் வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார வேண்டும், தொடர் வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். முதல் வாரம் விளம்பரத்துக்கு மூன்று முறை எழுந்தார்கள். இப்போது பன்னிரண்டு. விளம்பரம் நீளமாகப் போட்டால் சேனல்காரர்களைத் திட்டுகிறார்கள்.